வெந்த பயறுக்கு விலை சொல்ல வேண்டியவர் யார்?

பதப்படுத்திய பயறு உணவுகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவர்களுக்காக விலை ஆய்வு நடத்தித் தருபவர்களுக்கும்,

"வேகவைத்த பயறுக்குக் கூடுதல் விலை தர மக்கள் தயாராக இல்லை" என்று ஓர் ஆய்வறிக்கை சொல்லிவிட்டது. அதைக் காரணம் காட்டி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து மட்டும் தந்துகொண்டிருந்த சிறிய பாக்கெட்டை ஒரு நிறுவனம் நிறுத்திவிட்டது. இனி சாஸ் ஊற்றிய பெரிய டின் மட்டும்தானாம். அந்த ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டில் சமைப்பவளும் நான்தான். கேள்வித்தாளில் என்ன இருந்தது, என்ன இல்லை, பதில்கள் எப்படி எழுதப்பட்டன என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த முடிவைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஒரே மாதிரிக் கேள்வித்தாள்தான் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு உங்களுக்குள் கைமாறுகிறது. யார் பெயரைச் சொன்னாலும் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள்.

முதலில், நீங்கள் எதற்கு விலை கேட்டீர்கள் என்று பார்ப்போம். கேள்வித்தாளில் அந்தப் பொருளைப் பற்றி இருந்தது ஒரே வரி: "சமைக்கும் நேரத்தைக் குறைக்கும், வசதியான பயறு." அதைப் படித்துக்காட்டிவிட்டு விலை கேட்கச் சொன்னார்கள். உலர்ந்த பயறைத் தினமும் கையாளுகிறவர்களுக்குத் தெரியும், நேரம் என்பது அடுப்பு எரியும் நேரம் மட்டும் கிடையாது. ராஜ்மா போன்ற பெரிய பயறு எட்டு மணி நேரம் முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை ஊற வேண்டும். ஊறிய பிறகும் சாதாரணப் பாத்திரத்தில் முக்கால் மணி, சில சமயம் ஒன்றரை மணி நேரம் கொதிக்க வேண்டும். ஊறாமல் போட்டால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. இன்று இரவு என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை நேற்று இரவே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். வேலை முடிந்து களைத்துப்போய் வருகிற ஒருவர், ஊறப்போட மறந்துவிட்டால் அன்றைக்குப் பயறு கிடையாது. வேறு எதையாவது வாங்கித்தான் சாப்பிட வேண்டும். வெந்த பயறு பாக்கெட் விற்பது இந்த மறதிக்கான மாற்று. முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டிய சுமையிலிருந்து ஒரு விடுதலை. அதைப் பற்றி ஒரு கேள்விகூட உங்களிடம் இல்லை.

அப்புறம், வேகாத பயறு. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் கல் மாதிரி நிற்கும். இதற்குக் காரணம் ஓரளவு தெரிந்ததுதான். பயறில் இருக்கும் ஃபைட்டேட் என்ற சேர்மம், சேமிப்பின்போது மெல்லச் சிதைகிறது. அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் வெளியே வந்து, செல்களை ஒட்டவைக்கும் பெக்டினோடு சேர்ந்துகொள்கின்றன. அதனால் கொதித்தாலும் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. ஒரே வகைப் பயறு, ஒரே நிறம், ஒரே பளபளப்பு. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது புதியது எது, பழையது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊறவைத்து, எரிபொருளைச் செலவழித்த பிறகுதான் தெரியவரும். அந்த நஷ்டத்தைச் சுமப்பது விற்றவர் இல்லை, சமைப்பவர்.

வேகவைத்து அடைத்த பாக்கெட்டில் இந்தச் சந்தேகம் கிடையாது. யாரோ ஏற்கெனவே அதை வேகவைத்துப் பார்த்துவிட்டார்கள். நான் போன வீடுகளில் இதைப் புரியவைத்திருந்தால் பலருக்கு முகம் மாறியிருக்கும். ஆனால் "கூடுதல் விளக்கம் தரக் கூடாது, கேள்வித்தாளில் உள்ளதை மட்டும் படியுங்கள்" என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. ஆய்வில் ஒரே சீர்மை வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் அந்த விளக்கத்தைக் கேள்வித்தாளிலேயே எல்லோருக்கும் ஒரே சீராக எழுதியிருக்கலாமே?

பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின், அதாவது நச்சுத்தன்மை உள்ள ஒரு வகைப் புரதம், அதிகம். சரியாக வேகாத நாலைந்து பயறு போதும், சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தரும் அறிவுரை, குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது. 80 டிகிரி செல்சியஸ் அளவில் மெதுவாகச் சூடாக்கினால் நச்சுத்தன்மை குறைவதற்குப் பதிலாகப் பல மடங்கு கூடவும் வாய்ப்புண்டு என்று அதே நிர்வாகம் எச்சரிக்கிறது. மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரங்களில் ராஜ்மாவை நேராகப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? முழுமையாக வேகவைத்து அடைத்த பயறில் இந்தப் பயம் இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை நீங்கள் விற்பனைக்கும் பயன்படுத்தவில்லை, ஆய்விலும் கேட்கவில்லை. எனக்கு இது புரியவே இல்லை.

இனி, யாரைக் கேட்டீர்கள் என்பது. குடும்பத் தலைவரைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. பல வீடுகளில் அவர் சமையலறைக்குள் போகிறவர் இல்லை. உலக அளவில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதத்தைச் செய்வது பெண்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. சமையலும் அதில் அடக்கம். ஒரு வீட்டில் நான் விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர் உடனே சொன்னார்: "பயறு என்ன விலைக்குக் கிடைக்குதுன்னு எனக்குத் தெரியாதா? வேகவைக்கறதுக்கு எதுக்குக் காசு?" உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது: "அப்போ நாளைக்கு நீங்களே வேகவைங்க." வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் படிவத்தில் எழுத முடிந்தது முதல் பதிலை மட்டும்தான். இரண்டாவது பதிலுக்குக் கட்டமே இல்லை. சமைக்காதவரிடம் பயறு வேகும் நேரத்துக்கு விலை கேட்பது, நடக்காதவரிடம் செருப்புக்கு விலை கேட்பது போலத்தான்.

வீட்டில் செலவாகும் நேரத்துக்கும் விலை உண்டு என்பது புதுக் கருத்து இல்லை. பொருளியலாளர் கேரி பெக்கர் 1965இலேயே இதை எழுதிவிட்டார். கடையில் வாங்கும் பொருள் அப்படியே நுகரப்படுவதில்லை, அதோடு வீட்டாரின் நேரமும் சேர்ந்துதான் சாப்பாடாகிறது, ஆகவே ஒரு உணவின் உண்மை விலையில் அந்த நேரமும் சேர வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். உங்கள் ஆய்வாளர்கள் எல்லோரும் இதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தான். கள ஆய்வு என்று வந்ததும் அது எங்கே போயிற்று?

எரிபொருளும் அப்படியே. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கிற பொருளுக்கும், சூடாக்கினால் போதும் என்கிற பொருளுக்கும் இடையில் உள்ள எரிபொருள் வித்தியாசத்தை உங்கள் அட்டவணையில் ஒரு பத்தியாகக்கூட நான் பார்க்கவில்லை. விறகில் சமைப்பவருக்கு அது விறகு சேர்க்கும் நேரம், புகை, இருமல். திறந்த அடுப்பிலும் தரமற்ற அடுப்பிலும் சமைப்பவர்கள் உலகில் ஏறக்குறைய 210 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்குள் சேரும் இந்தப் புகையால் 2020ஆம் ஆண்டில் 32 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பதும் அவர்கள் மதிப்பீடு. பாக்கெட் பயறு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று நான் கதை விடவில்லை. அடுப்பு எரியும் நேரம் குறைகிற ஒரு பொருளை விலைபேசும்போது, அடுப்பைப் பற்றிக் கேட்காமல் இருப்பது எப்படிச் சரி என்றுதான் கேட்கிறேன்.

இப்போது கேட்ட முறைக்கு வருகிறேன். இங்கேதான் அறிக்கை அடியோடு சறுக்குகிறது.

வீட்டுக்குள் போனதும் ஒரு பொட்டலம் உலர் பயறைக் கையில் கொடுப்போம். "இது உங்களுக்கே. இதை வெந்த பயறு பாக்கெட்டாக மாற்றிக்கொள்ள எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள்?" என்று கேட்போம். ஆய்வுகளில் பழகிய முறைதான் இது. ஆனால் கைக்கு வந்த பொருளை விடுவதற்கு மனிதருக்கு மனம் வராது என்பதும் அதே அளவு பழகிய விஷயம். கானமன், நெட்ஷ், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட காபிக் கோப்பைச் சோதனைகளில், கோப்பையைக் கையில் வாங்கியவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கையில் இல்லாதவர்கள் தர முன்வந்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. உலர் பயறை முதலில் கொடுத்துவிட்டு அதை விட்டுக்கொடுக்கச் சொன்னால், வெந்த பயறின் விலை தானாகவே கீழே இறங்கும். உங்கள் ஆய்விலும் வெந்த பயறை முதலில் கொடுத்து, "உலர் பயறை எடுத்துக்கொண்டு இதைத் திருப்பித் தர எவ்வளவு தள்ளுபடி வேண்டும்?" என்று ஒரு பாதி வீடுகளிலாவது கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். கேட்கவில்லை.

விலையைக் கண்டறிய பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1964இல் தந்த முறையைப் பயன்படுத்தினார்கள். (இந்த பெக்கர் வேறு, மேலே சொன்ன பெக்கர் வேறு.) நீங்கள் தரக்கூடிய அதிகபட்ச விலையைச் சொல்லிவிட வேண்டும். பிறகு குலுக்கலில் ஒரு விலை எடுக்கப்படும். அது நீங்கள் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த விலைக்கே பொருள் உங்களுக்கு. அதிகமாக இருந்தால் பொருள் இல்லை. குறைத்துச் சொல்வதால் லாபமே இல்லாத, அழகான ஏற்பாடு. ஆனால் இது புரிந்தால்தான் வேலை செய்யும். புரியவைக்க வேறு ஏதாவது பொருளை வைத்து ஒருமுறை விளையாடிக் காட்ட வேண்டும். நேரமில்லை என்று அந்த ஒத்திகையை வெட்டிவிட்டார்கள். விளைவு? வாசலில் நின்று பேரம் பேசுகிற வியாபாரியிடம் பேசுவது போலவே எல்லோரும் எங்களிடம் பேசினார்கள். பேரத்தில் யாராவது முதல் வார்த்தையிலேயே மனதில் உள்ள விலையைச் சொல்வார்களா? பாதியில் தொடங்குவார்கள். அந்தப் பாதி விலைதான் உங்கள் அறிக்கையில் "நுகர்வோரின் அதிகபட்ச விலை" என்று அச்சாகியிருக்கிறது.

உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். கற்பனைக் கேள்விகளுக்கு மக்கள் உண்மையில் தருவதைவிட அதிகமாகத்தான் சொல்வார்கள், அதற்கே இவ்வளவு குறைவாக வந்தால் உண்மையில் இன்னும் குறையும்தானே என்பீர்கள். பொதுவாக அது சரிதான். எக்சான் வால்டஸ் கப்பலிலிருந்து கடலில் எண்ணெய் கசிந்த விபத்துக்குப் பின், பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையில் கூடிய குழு 1993இல் இந்த மிகைச் சாய்வைப் பற்றி எச்சரித்து, கேள்வி கேட்கும் முறைக்குக் கடுமையான விதிகளையே வகுத்தது. ஆனால் அங்கே கேட்கப்பட்டது, கடல், கரை போன்ற, தான் நேரடியாக வாங்காத ஒன்றைப் பாதுகாக்க என்ன தருவீர்கள் என்பது. நாளைக்கே கடைக்கு வரப்போகும் பொருளுக்கு, அதை விற்கப்போகிறவரின் ஆளே வந்து விலை கேட்டால், குலுக்கல் முறை புரியாதவருக்குக் குறைத்துச் சொல்வதுதான் லாபம் என்று தோன்றும். எந்தப் பக்கம் சாய்வு என்பது இடத்தைப் பொறுத்தது. ஒத்திகை இல்லாத இடத்தில் அது கீழ்ப்பக்கம் சாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. "பூஜ்யம்" என்று சொன்னவர்கள் எல்லோரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார்கள். சிலர் உண்மையாகவே வேண்டாம் என்றார்கள். வீட்டில் ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அவர்களுக்கு இது தேவையே இல்லை. நியாயம். ஆனால் வேறு பலர் கேட்டது, "இதுல என்ன மருந்து போட்டிருக்காங்க? இத்தனை மாசம் எப்படிக் கெடாம இருக்கும்?" என்று. எனக்குப் பதில் தெரியும். காற்றுப்புகாமல் அடைத்து, 121 டிகிரி அளவுக்கு நீராவி அழுத்தத்தில் சூடாக்கினால், கெடுக்கும் கிருமிகள் செத்துவிடும், உறை திறக்கப்படாதவரை உள்ளே புதிதாக எதுவும் நுழையாது, கெடாமல் காக்கத் தனியாக மருந்து எதுவும் தேவையில்லை. நிக்கோலா அப்பேர் 1810இல் உணவை அடைத்துச் சூடாக்கிக் காக்கும் தன் முறையை வெளியிட்ட காலத்திலிருந்து அடிப்படை இதுதான். ஆனால் விளக்கம் தரக் கூடாது என்ற விதி என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. அவர்கள் சந்தேகத்தோடு "வேண்டாம்மா" என்றார்கள். நான் பூஜ்யம் எழுதினேன். சந்தேகத்தால் மறுத்தவரையும் தேவையில்லை என்று மறுத்தவரையும் பிரித்து எழுத வேண்டும் என்பது உங்கள் துறையின் பாலபாடம். எதிர்ப்புப் பூஜ்யம், உண்மைப் பூஜ்யம் என்று பெயரே வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் விலை கீழே போகாமல் என்ன செய்யும்?

சந்தேகப்பட்டவர்கள் ஒன்றும் விவரம் இல்லாதவர்கள் கிடையாது. டின்னில் வரும் பல பயறுகளில் உறுதி குறையாமல் இருக்க கால்சியம் குளோரைடும், நிறம் மாறாமல் இருக்க ஈடிடிஏ உப்பும் சேர்க்கிறார்கள். அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் ஏன் சேர்க்கிறோம் என்று யாரும் எளிய மொழியில் எழுதுவதில்லை. பொடி எழுத்தில் ஒரு பெயர், அதன் பக்கத்தில் ஒரு எண், அவ்வளவுதான். உப்பும் கொஞ்சநஞ்சம் இல்லை. வடிகட்டி, தண்ணீரில் அலசினால் சோடியம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, முதலில் போட்டுவிட்டுப் பிறகு அலசிக்கொள் என்பது என்ன நியாயம்? உப்பில்லாத அந்தச் சிறிய பாக்கெட்டை நீங்கள் நிறுத்தியது எனக்கு உறுத்துவது இதனால்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் குழந்தைக்குச் சமைப்பவர்களும் நம்பி எடுக்கக்கூடியது அது ஒன்றுதான். சாஸ் ஊற்றிய டின்னை எப்படி அலசுவது?

விலை ஒப்பீட்டிலும் ஒரு குளறுபடி. உலர் பயறின் கிலோ விலையையும் பாக்கெட்டின் கிலோ விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். உலர் பயறு வெந்தால் தண்ணீரை உறிஞ்சி எடை கூடுகிறது. ஒரு கிலோ ஏறக்குறைய இரண்டரைக் கிலோவாகும். 400 கிராம் டின்னை வடிகட்டினால் பயறு மட்டும் பெரும்பாலும் 240 கிராம் அளவில் நிற்கும். கணக்குப் போட்டால், ஒரு கிலோ உலர் பயறு பத்து டின்னுக்குச் சமம். இதை உங்களுக்குச் சாதகமாக நான் சொல்லவில்லை. சரியாகக் கணக்கிட்டால் டின் விலை இன்னும் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் தண்ணீரையும் சேர்த்துத்தான் விற்கிறீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் லாரியில் ஏற்றி அனுப்புகிறீர்கள். ஆமாம், வெந்த பயறு விலை கூடுதல்தான். அந்தக் கூடுதலில் எவ்வளவு வேகவைத்த உழைப்புக்கு, எவ்வளவு டப்பாவுக்கு, எவ்வளவு விளம்பரத்துக்கு என்று தெரிந்தால் வாங்குகிறவர் தானே முடிவு செய்வார். எடையை நேர்மையாகச் சொல்லாமல் விலைக்குச் சம்மதம் மட்டும் கேட்கக் கூடாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றன்றைக்குச் சம்பாதிப்பவரிடம் பெரிய டின்னைக் காட்டி விலை கேட்டால், அவர் சொல்லும் பதில் அன்று கையில் இருக்கும் காசைப் பற்றியது. பயறைப் பற்றியது இல்லை. ஒரு வேளைக்கான சின்ன பாக்கெட்டை எடுத்துக்காட்டியபோது அதே ஆட்கள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "இது ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகும்போது எடுத்துட்டுப் போலாமே" என்றார். அறிக்கையில் இரண்டு அளவுக்கும் சேர்த்து ஒரே சராசரி விலைதான் இருக்கிறது.

2016ஐ ஐநா சபை பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்தது. 2019 முதல் ஒவ்வொரு பிப்ரவரி 10ஆம் தேதியும் உலகப் பயறு நாள். அன்றைக்கு உங்கள் நிறுவனங்களின் பக்கங்களில் மண்ணுக்குத் தழைச்சத்து தரும் பயறு, ஏழைகளின் புரதம் என்றெல்லாம் அழகான படங்கள் வரும். மறுநாள் அந்த ஏழைக்கு எட்டக்கூடிய பாக்கெட்டை நிறுத்துவீர்கள்.

இனி நான் கேட்பது.

நிறுத்திய பாக்கெட்டைச் சில இடங்களிலாவது ஆறு மாதத்துக்கு மறுபடி விற்பனைக்கு வையுங்கள். வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு விலையில் வைத்து, முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது, மூன்றாவது முறையும் வாங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். முதல் பாக்கெட் ஆசைக்காக வாங்குவது. மூன்றாவது பாக்கெட்தான் விலையைப் பற்றிய உண்மையான பதில்.

கேள்வித்தாளை வைத்தே ஆய்வு செய்வதானால், சமைப்பவரைக் கேளுங்கள். பணம் தருபவர் வேறொருவர் என்றால் இருவரையும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு விடைகளையும் பதிவு செய்யுங்கள். கேட்பதற்கு முன் பாக்கெட்டைக் கொடுத்து ஒரு வாரம் சமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ருசி பிடிக்கவில்லை, குழைந்துவிட்டது என்றால் அதுவும் அப்போதுதான் வெளியே வரும். ஊறவைக்கும் திட்டமிடல், அடுப்பு எரியும் நேரம், எரிபொருள் வகை, தண்ணீர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஒத்திகைச் சுற்றை வெட்டாதீர்கள். கள ஆட்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று இலக்கு வைத்துவிட்டு ஒத்திகையும் வேண்டும் என்றால் நடக்காது, இலக்கைக் குறையுங்கள். பூஜ்யம் என்றவரிடம் ஏன் என்று கேட்டு, அந்தக் காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுத இடம் விடுங்கள்.

ஏற்கெனவே முடிந்த ஆய்வின் கேள்வித்தாளையும், பெயர்களை நீக்கிய பதில்களையும் வெளியிடுங்கள். எத்தனை பூஜ்யங்கள் சராசரியில் சேர்ந்தன, எத்தனை வீடுகளில் சமைக்காதவர் பதில் சொன்னார் என்று மற்றவர்களும் பார்க்கட்டும்.

உறையின் முன்பக்கத்தில் நான்கு விஷயங்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: வடிகட்டிய பின் எடை, அது எவ்வளவு உலர் பயறுக்குச் சமம், 100 கிராமுக்கு எவ்வளவு உப்பு, சாப்பிடும் முன் எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும். பின்பக்கத்தில், சேர்த்த ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று ஒரு வரி. எதுவும் சேர்க்கவில்லை என்றால், எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று இரண்டு வரி.

கடைசியாக, இதற்குப் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். பாக்கெட்டை நிறுத்தியபோது எல்லோருக்கும் அறிவித்தது போலவே பொதுவில் சொல்லுங்கள். மறு ஆய்வு நடத்துவீர்களா, மாட்டீர்களா, நடத்துவதானால் எப்போது என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். நடத்த மாட்டோம் என்பதுதான் முடிவு என்றால், "மக்கள் தயாராக இல்லை" என்ற வாக்கியத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, "நாங்கள் விற்க விரும்பவில்லை" என்று மாற்றி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேள்வித்தாளோடு வாசல்களில் நின்ற ஒருத்தி